பாட்டு ஓடும்போது பேசக் கூடாது

தொண்ணூறு நிமிடக் கேசட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள், மிஸ். அதன் நாடா மெல்லியது. கண்டியின் ஈரத்துக்கு இரண்டு மழைக்காலம் தாங்காது. உருளையில் சுற்றிக்கொண்டு, பென்சிலைப் போட்டுத் திருகித் திருகியே நம் உயிர் போய்விடும். அறுபதுதான் சரி. பக்கத்துக்கு அரை மணி. ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டு ஒன்றைக் கவனிக்கக்கூடிய நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

நீங்கள் கேட்க வந்தது கேசட்டைப் பற்றி அல்ல என்று தெரியும். பாலேந்திரனின் வழக்கை எடுத்துக்கொண்டு கொழும்பிலிருந்து வந்திருக்கிறீர்கள். அன்றைக்குப் பொலிசில் அவர் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னது யார் என்று வாசலில் நின்றபடியே கேட்டீர்கள். நான்தான். அதை நான் ஒளித்ததே இல்லை. இத்தனை வருடத்தில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கதிரையில் உட்காருங்கள், மற்றதற்குக் கால் ஆடும். வெறுந்தேநீர்தான் தர முடியும். சுந்தரி வீட்டில் இல்லை. தெல்தோட்டையில் தம்பி வீட்டோடு போய் இருக்கிறாள். மூட்டு வலிக்கு அங்கத்திய குளிர் நல்லது என்கிறாள். குளிர் மூட்டு வலியைக் கூட்டும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் வலி என் மனைவியுடையது, நான் என்ன சொல்ல முடியும்?

என் பெயர் உங்களுக்குத் தெரியும், தனபாலன். மாநகர சபையில் தண்ணீர்ப் பகுதியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்தது, படித்தது, முடி நரைத்தது எல்லாம் இந்தக் கண்டியில். அப்பா இங்கே ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதினார். சிங்களம் எனக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடும்போதே வாயில் ஏறிவிட்டது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எங்கள் தெருவுக்குள் ஆட்கள் வந்தபோது, படலையில் நின்று பேசியே என் வீட்டையும் இரண்டு பக்கத்து வீடுகளையும் காப்பாற்றினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டும். அதற்குப் பிறகு வடக்குத் தமிழர் யாருக்காவது பொலிசில், அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில், ஆஸ்பத்திரியில் ஒரு காரியம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் டை கட்டிக்கொண்டு போய்விடுவேன்.

கேசட் கதைக்கு வருகிறேன். அது இல்லாமல் மற்றது விளங்காது.

உலகத்தில் எல்லோரும் எதையாவது சேர்க்கிறார்கள். சிலர் முத்திரை, சிலர் காணி, சிலர் வியாதி. நான் பாட்டுச் சேர்த்தேன். ஆனால் சேர்த்ததை அலுமாரியில் பூட்டிவைத்து நாக்கைச் சப்பிக்கொண்டிருக்கும் ஆள் நான் இல்லை. ஒரு மாதத்தில் எனக்குப் புதிதாக அகப்பட்ட பாட்டுகளில் நெஞ்சைத் தொட்டதை மட்டும் பொறுக்கி, ஓர் ஒழுங்கில் வைத்து, ஒரு கேசட்டில் பதிவேன். மாதாமாதம் வரும் பௌர்ணமிப் போயா நாள் பின்னேரம் கூட்டாளிகளைக் கூப்பிட்டுப் போட்டுக்காட்டுவேன். போயாவுக்குக் கந்தோர் மூடியிருக்கும், சாராயக் கடை மூடியிருக்கும், இறைச்சிக் கடையும் மூடியிருக்கும். மனிதர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் திரிவார்கள். அவர்களைப் பிடித்து உட்காரவைப்பது பெரிய காரியமில்லை.

விதி இரண்டே இரண்டு. சினிமாவில் எல்லோர் வாயிலும் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு வராது. பாட்டு ஓடும்போது பேசக் கூடாது. பக்கம் திருப்பும்போது தேநீர் குடிக்கலாம், வடை தின்னலாம், அரசாங்கத்தைத் திட்டலாம். மறுபக்கம் தொடங்கியதும் மறுபடி வாயைப் பூட்ட வேண்டும்.

எங்கிருந்தெல்லாம் பிடித்தேன் என்று நினைக்கிறீர்கள்? அலவத்துகொடவிலிருந்து நளீர் என்றொரு கூட்டாளி வருவார். அவருடைய மைத்துனர்மார் எல்லோரும் அரபு நாட்டில் லொறி ஓட்டினார்கள். அவர்கள் லீவில் வரும்போது கொண்டுவரும் கேசட்டையெல்லாம் நளீர் எனக்குத் தருவார். "இது ஜித்தாவுல டெக்ஸிக்காரனுங்க போட்டுக்கிட்டு ஓடுற பாட்டு, ஐயா. வெளங்காது, ஆனா கேட்டா ரோட்டு நீளமா இருக்கிற மாதிரி இருக்கும்" என்பார். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. என்ன, பாட்டு ஓடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். தெல்தோட்டையில் சுந்தரியின் சொந்தக்காரர் இருந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இரத்தினம்மா என்றொரு கிழவி இருந்தாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்றபடி அவள் முணுமுணுத்த ஒரு பாட்டை, கூடைக்குள் ரெக்கோடரை ஒளித்துவைத்துப் பிடித்தேன். நடுவில் கணக்கப்பிள்ளை யாரையோ ஏசுவதும் சேர்ந்து பதிந்துவிட்டது. அதை வெட்டவில்லை, அதுவும் நல்ல தாளத்தில்தான் இருந்தது. ஹுன்னஸ்கிரியவில் எனக்குத் தெரிந்த ஒருவருடைய தோட்டத்துக் குவாட்டர்ஸ் மலை உச்சியில் இருக்கிறது. அங்கே சிற்றலை ரேடியோவைத் திருப்பினால் உலகம் முழுவதும் வந்து காதில் உட்காரும். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி அங்கே போய்விடுவேன். வளைவுக்கு வளைவு வாந்தியெடுக்கும் ஆட்களுக்கு நடுவில், மடியில் ரெக்கோடரைப் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு போவேன்.

நன்றாகக் கூட்டம் சேர்ந்த காலமும் இருந்தது. கொன்வென்றில் படிப்பித்த றீற்றா ரீச்சர் வருவார். கடை வைத்திருந்த ராஜரத்தினம் குடும்பத்தோடு வருவார். கலவரத்தோடு அந்தக் கூட்டம் கரைந்தது. ராஜரத்தினத்தின் கடை எரிந்தது, அவர் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். றீற்றா ரீச்சர் அவுஸ்திரேலியா. போனவர்களுக்கு நான் மாதாமாதம் கேசட்டைத் தபாலில் அனுப்பினேன். முத்திரைச் செலவுக்குச் சுந்தரி முகத்தைத் தூக்கினாள். ஒருநாள் றீற்றா ரீச்சரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு கேசட். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர் கடிதம் எழுதாமல் குரலைப் பதிந்து அனுப்புவார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். போட்டால், ரீச்சர் பேசுகிறார், பிள்ளைகள் பேசுகிறார்கள், நாய் குரைக்கிறது, குளிர் எவ்வளவு என்று சொல்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் பேசி முடித்த பிறகு, இரண்டாம் பக்கத்தின் கடைசியில், மிச்சமாக ஒரு பாட்டின் வால் வந்தது. நான் பதிந்து அனுப்பிய பாட்டு. என்னுடைய கேசட்டின் மேலேயே பேசி எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வலித்தது. கடல் தாண்டிப் போகிறவன் காதை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறான் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு யாருக்கும் தபாலில் அனுப்பியதில்லை.

பாலேந்திரன் வந்தது அந்த வெறுமையான நாட்களில்தான். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே ஒரு கந்தோரில் கட்டடப் படவரைஞர் வேலை. மனைவி கமலாசனியோடு எங்கள் தெரு முனையில் வாடகைக்கு வந்தார். நளீர்தான் ஒரு போயாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மூலையில், ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து கண்ணை மூடினார். பக்கம் முடியும்வரை திறக்கவில்லை. தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். திருப்புவதற்கு எழுந்தபோது சொன்னார்:

"மூண்டாவது பாட்டிலை குழல் வாசிக்கிறவருக்கு நெஞ்சு வருத்தம் ஏதும் இருக்கு போலை, அண்ணை. ஒவ்வொரு மூச்சையும் கடன் வாங்கின மாதிரி எடுக்கிறார்."

நான் அந்தப் பாட்டை ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். எனக்கு அது தோன்றவில்லை. மறுபடி போட்டுக் கேட்டேன். அப்படியேதான் இருந்தது. மிஸ், அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் அனுபவித்ததில்லை. சுந்தரிக்கும் இது தெரியும், நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு போயாவுக்கு ஒரு வாக்கியம். அதற்குமேல் பேச மாட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் மாதம் முழுவதும் அலைந்தேன். வேலை செய்வது, சாப்பிடுவது, தண்ணீர்ப் பில்லுக்கு வந்து கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் இடையில் நடக்கும் விஷயங்கள். நாடு எரிந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. வடக்கில் ஒரு சண்டை, இங்கே தெருவோரத்தில் எரிந்த டயரும் பிணமும். போயா பின்னேரம் மட்டும் இந்த அறைக்குள் ஒன்றும் வராது. நான் என் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால், வெட்கமில்லாமல் அதைத்தான் சொல்வேன்.

பிறகு ஒரு புரட்டாதியில் ஹுன்னஸ்கிரியவில் அந்தப் பாட்டு அகப்பட்டது. நல்ல மூடுபனி. ரேடியோ ஊசியை ஒரு மயிரிழை நகர்த்தினேன், ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். என்ன மொழி, எந்த நாடு, ஒன்றும் தெரியவில்லை. அறிவிப்பாளர் யாரும் வரவில்லை. வாத்தியமும் இல்லை. ஏறி ஏறிப் போய், இனி உடைந்துவிடும் என்ற இடத்தில் உடையாமல் திரும்பி வந்தாள். ரெக்கோடரை அமுக்கிய விரலை நான் எடுக்கவே இல்லை. இதைக் கேட்டுவிட்டுப் பாலேந்திரன் என்ன சொல்வார் என்பதே அன்று முழுவதும் என் யோசனையாக இருந்தது. பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அவரே வந்து காத்திருக்கிறார். கையில் இனிப்புப் பெட்டி.

"அண்ணை, கனடா சரிவந்திட்டுது. தங்கச்சி எல்லாம் செய்து போட்டாள். நான் முதல் போறன், கமலாசனி பிறகு வருவா. வியாழக்கிழமை பயணம்."

போயா சனிக்கிழமை. நான் இனிப்பைச் சாப்பிட்டேன். இரண்டு நாள் தள்ளிப் போகலாமே என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"இப்பத்தைய நிலைமையிலை ரிக்கற்றை மாத்த ஏலாது, அண்ணை. ஏன், கேசட்டுக்கோ? தபாலிலை போட்டு விடுங்கோவன். அங்கை பஸ்ஸுக்கை கேட்டுக்கொண்டு போவன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பஸ்ஸுக்குள். அந்தப் பெண்ணின் குரலைப் பஸ்ஸுக்குள். பிறகு ஒருநாள் அதன்மேலேயே பிள்ளையின் பிறந்தநாள் பாட்டைப் பதிந்துவிடுவார்கள். இப்போதே போட்டுக்காட்டியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மற்றப் பாட்டுகள் இன்னும் ஒழுங்காகவில்லை, மிஸ். அதைத் தனியாகப் போடக் கூடாது. அதற்கு முன்னால் ஒன்பது பாட்டு வந்து காதைத் தயார்செய்ய வேண்டும். சமைக்காத அரிசியை யாராவது விருந்தாளிக்குக் கொடுப்பார்களா?

செவ்வாய்க்கிழமை காலையில் பொலிஸ் சுற்றிவளைத்தது. அதில் எனக்குச் சம்பந்தமே இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். கொழும்பில் எங்கோ குண்டு வெடித்திருந்தது, கண்டியிலிருந்த வடக்கு ஆட்களையெல்லாம் கொண்டுபோனார்கள். கமலாசனி செருப்பில்லாமல் ஓடிவந்தாள். "அண்ணை, உங்களுக்குத்தான் சிங்களம் ஓடும், ஒருக்கா வாங்கோ." நான் டை கட்டிக்கொண்டு, குடையும் எடுத்துக்கொண்டு போனேன்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். அவருடைய குவாட்டர்ஸில் தண்ணீர் வராதபோது நான்தான் ஆள் அனுப்பிச் சரிசெய்தேன். எனக்குக் கதிரை போடச் சொன்னார். அவர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன், பாலேந்திரன் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன், சார்ஜன் எழுதினார். எப்போது கண்டிக்கு வந்தார், எங்கே வேலை, ஏன் கனடா போகிறார். எல்லாவற்றையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்றே சொல்வேன். இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு, சரி, கூட்டிக்கொண்டு போங்கள் என்று பேனையை மூடப்போனார். மூடும்போது, வழமைக்காக இன்னொன்றையும் கேட்டார். ஊரில் அந்த இயக்கத்துப் பையன்கள் யாரையாவது தெரியுமா?

பாலேந்திரன் ஒளிவுமறைவு இல்லாத ஆள். "எங்கடை சின்ன ஊர், எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும். என்னோடை படிச்ச பெடியளும் சிலபேர் போனவங்கள். ஆனால் நான் ஒருநாளும் அவங்களோடை சேரேல்லை. அவங்களோடை கதைச்சே பத்து வருஷத்துக்கு மேலை" என்றார்.

நான் முதல் பாதியைச் சொன்னேன்.

இரண்டாம் பாதியைச் சொல்லவில்லை. நீங்கள் பேனையை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நான் பொய் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருடைய வாயிலிருந்து வந்ததுதான். கேசட்டில் இடம் போதாவிட்டால் நீண்ட பாட்டை நடுவில் ஒலி குறைத்து நிறுத்துவேன், அப்படித்தான் இதுவும். நான்கு நாள் உள்ளே இருப்பார், பயணம் தவறும், சனிக்கிழமை வீட்டில் இருப்பார் என்பதுதான் என் கணக்கு. அதில் என்ன கெடுதல்? தங்கை இன்னொரு டிக்கெட் எடுப்பாள்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெயர்களைக் கேளுங்கள் என்றார். நான் பாலேந்திரனிடம், "ஒங்களோட படிச்ச பசங்க பேரக் கேக்கிறாரு, சும்மா ஒரு வழக்கத்துக்குத்தான். பயப்படாம சொல்லுங்க" என்றேன். அவர் பயப்படாமல் சொன்னார். பள்ளிக்கூட ஞாபகம் வந்து ஒரு பெயருக்குச் சிரிக்கவும் செய்தார். கனடாவில் அவர்களுக்காகக் காசு சேர்க்கப் போகிறானா என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். நான் தோளைக் குலுக்கினேன். தோளைக் குலுக்குவதை மொழிபெயர்ப்பு என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது.

சார்ஜன் எழுதி முடித்துத் தாளை நீட்டினார். எல்லாம் சிங்களம். பாலேந்திரன் என்னைப் பார்த்தார்.

"வாசிச்சனீங்களோ, அண்ணை?"

"வாசிச்சேன். எல்லாம் சரியா இருக்கு, வைங்க."

வைத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். படவரைஞர் அல்லவா, கையெழுத்து மிக அழகாக இருக்கும்.

சனிக்கிழமை அவர் வரவில்லை. போயாவும் வீணாகப் போனது. நளீர் மட்டும் வந்து உட்கார்ந்தார். அவருக்கு அந்தப் பாட்டைப் போட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கிழமை இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "இதை மேலிடத்துக்கு அனுப்பப் போகிறேன். பாரதூரமான விஷயம். அவன் சொன்னது இவ்வளவுதானா? திருத்தம் ஏதும் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்" என்றார். நல்ல மனிதர் என்று சொன்னேனே. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு யோசித்தேன். அவசரப்பட்டு ஒன்றும் சொல்லவில்லை. திருத்தினால் அன்றைக்கே விட்டுவிடுவார்கள். விட்டால் அடுத்த கிழமையே பறந்துவிடுவார். கமலாசனியும் பின்னால் போவாள். இந்த வீட்டில் போயா தினத்தில் நானும், ரோடு நீளமாக இருக்கிறது என்று சொல்லும் நளீரும் மிஞ்சுவோம்.

திருத்தம் ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

அன்று சாப்பிடும்போது சுந்தரியிடம் இதை ஒரு செய்தியாகத்தான் சொன்னேன். அவள் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அதற்கு அடுத்த நாள்தான் மூட்டு வலி தொடங்கியது.

பாலேந்திரனைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமில்லை. ஆனால் கண்டிச் சிறைக்கு அவரை மாற்றுவித்தது யார் என்று கேளுங்கள். நான்தான். பெட்டிசன் எழுதி, ஆளைப் பிடித்து, படியேறி இறங்கி, ஏறக்குறைய ஒரு வருடம் உழைத்தேன். மாற்றம் வந்த அன்று கமலாசனி இந்த இடத்தில் என் காலில் விழுந்தாள். "அண்ணை இல்லாட்டி நாங்கள் எப்பவோ செத்திருப்பம்" என்றாள். அவள் இங்கேயே தையல் வேலை செய்கிறாள், பாவம், நல்ல பெண். ஒவ்வொரு போயாவுக்கும் அவருக்குச் சோறு கட்டித் தருவாள், நான் கொண்டுபோவேன்.

போயாவுக்குத்தான். ஜெயிலரும் பாட்டுப் பிரியர். அவருக்குத் தனியாக ஒரு சிங்களக் கேசட் மாதாமாதம் செய்கிறேன். அவருடைய ரசனையும் பரவாயில்லை, கொஞ்சம் தபேலா அதிகம் கேட்பார். அதனால் பார்வையாளர் அறையில் ஒரு மூலையை எங்களுக்கு ஒதுக்கித் தருகிறார். சின்ன ரெக்கோடரை மேசையில் வைத்து இரண்டு பக்கமும் கேட்போம். வெளியில் இருந்த காலத்தில்கூட ஒன்றிரண்டு போயா அவருக்கு வேறு வேலை வந்து தவறியதுண்டு. இப்போது ஒன்றும் தவறுவதில்லை. கொழும்பில் அவருடைய இடது காது போய்விட்டது. ஸ்டீரியோவில் பதிந்தால் பாதி வாத்தியம் அவருக்கு வீண். அதனால் இடது ஒலியையும் வலது ஒலியையும் ஒன்றாக்கித்தான் இப்போது பதிகிறேன். நேரம் பிடிக்கிற வேலை. ஆனால் ஒருவருக்காகச் செய்யும்போது அலுப்புத் தெரிவதில்லை.

அந்தப் பெண்ணின் பாட்டை அங்கே வந்த முதல் போயாவில் போட்டேன். இத்தனை மாதம் அவருக்காகக் காப்பாற்றி வைத்திருந்தேன். ஒன்பது பாட்டு ஓடியது, பிறகு அவள் தொடங்கினாள். அவர் கண்ணை மூடியிருந்தார். அவள் ஏறி ஏறி, அந்த உச்சியிடத்துக்கு வந்தபோது, பாலேந்திரன் கண்ணைத் திறந்தார்.

"அண்ணை, நான் அண்டைக்குக் கையெழுத்து வைச்ச பேப்பரிலை என்ன இருந்தது?"

நான் உதட்டில் விரலை வைத்தேன். பாட்டு ஓடும்போது பேசக் கூடாது. அவரைப் போன்ற ஒருவர், அதுவும் அந்த இடத்தில், விதியை மீறியது எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் பண்பான மனிதர். மறுபடி கேட்கவில்லை. பாட்டு முடிந்த பிறகும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதை விட்டுவிட்டார். முதலில் எனக்குக் குறையாக இருந்தது. பிறகு விளங்கிக்கொண்டேன். சொல்லால் சொல்ல முடியாத இடத்துக்கு அவருடைய ரசனை போய்விட்டது. சில நாள் கண்ணீர்கூட வருகிறது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். இப்போதெல்லாம் இடது பக்கத்தை எனக்குக் காட்டி, நல்ல காதைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்காருகிறார். பழைய கல் சுவர், ஒலி அதில் பட்டுத் திரும்பும்போது ஒரு கனம் சேர்கிறது போலிருக்கிறது. நானும் ஒருநாள் அப்படி உட்கார்ந்து பார்த்தேன், எனக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. அவருடைய காது வேறு.

இதுதான் நடந்தது, மிஸ் றமீலா. என்ன, அழுகிறீர்களா? தேநீர் ஆறிவிட்டது, ஊற்றிவிட்டு வேறு தருகிறேன்.

"வேணாம். நீங்க இப்ப சொன்னத அப்பிடியே சத்தியக் கடதாசியில எழுதுறன். கையெழுத்து வச்சுத் தாங்க. வாற கிழமை வழக்கு. இது இருந்தா அவர வெளியில எடுத்திடலாம்."

தருகிறேன். தர மாட்டேன் என்று யார் சொன்னது? நான் மறைக்கிற ஆள் இல்லை என்று தொடக்கத்திலேயே சொன்னேன். தண்டனை வந்தால் வரட்டும், எனக்கு அதில் பயமில்லை. வயதாகிவிட்டது. ஆனால் இதற்கு அவசரம் கூடாது. வாற கிழமை என்றால் வழக்கைத் தள்ளிவைக்கச் சொல்லித் தவணை கேளுங்கள். இந்த நாட்டில் கேட்டுக் கிடைக்காத தவணை உண்டா? இத்தனை வருடம் இருந்தவர் இன்னும் கொஞ்ச நாள் இருப்பார், அவருக்கு அங்கே பழகிவிட்டது.

ஒன்று சொல்கிறேன், முகத்துக்கு நேராகப் புகழ்கிறேன் என்று நினைக்காதீர்கள். இவ்வளவு நேரம் நான் பேசினேன். நீங்கள் குறுக்கே ஒரு சொல் பேசவில்லை. ஜன்னலுக்குக் கீழே அந்த மூலையில் உட்கார்ந்து, நான் எங்கே மூச்சு விடுகிறேன் என்பதுவரை கவனித்தீர்கள். அப்படிக் கேட்கத் தெரிந்த ஆளைக் கண்டு எனக்கு எவ்வளவோ காலமாகிவிட்டது. உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது. காலையில் எழும்பும்போது இப்படி ஒரு நாளாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

போயாவுக்கு வாருங்கள். காலையில் நான் சிறைக்குப் போய்விட்டு வந்துவிடுவேன், பின்னேரம் வீட்டில்தான். இந்த மாதம் நல்ல சாமான்கள் அகப்பட்டிருக்கின்றன. முதல் பக்கத்தைக் கேட்போம். திருப்பும்போது உங்கள் கடதாசியில் ஒரு பக்கம் எழுதுவோம். மிச்சத்தை அடுத்த போயாவுக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு அடுத்ததற்கும் கொஞ்சம். அப்படிப் பார்க்காதீர்கள், மிஸ். இன்றைக்கே எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டால், பிறகு நீங்கள் எதற்காக என் வீட்டுக்கு வரப்போகிறீர்கள்?